ஒலிம்பஸ் டிரிப் 35: பேட்டரி இல்லாத கேமராவோட பினாங்குல ஒரு வருஷம்

இந்த ஃபிலிம் கேமராவ வாங்கணும்னு ஆசை வந்ததே எங்கப்பா ஆல்பத்தால தான். பட்டர்வொர்த்துல இருந்து பினாங்குக்குப் பழைய ஃபெரியில வரும்போது எடுத்த படம் ஒண்ணு இருக்கு, பாட்டி கம்பியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க, சேலைத் தலைப்பு காத்துல பறக்குது, பின்னால கடல் பச்சையும் சாம்பலுமா. நானும் போன்ல ஆயிரக்கணக்குல எடுத்துட்டேன், அந்த மாதிரி ஒண்ணு வரல. எதுல எடுத்தீங்கப்பான்னு கேட்டேன், "டிரிப்பு"ன்னாரு. அது எப்பவோ தொலைஞ்சு போச்சு.

1960கள் கடைசியில வந்து 80கள் வரைக்கும் வித்த கேமரா இது, இங்கிலாந்துல டேவிட் பெய்லி மாதிரி பெரிய போட்டோகிராஃபர வச்சு விளம்பரம் பண்ணாங்க. லென்ஸச் சுத்தி தேன்கூடு மாதிரி ஒரு கண்ணாடி இருக்கும், அதுக்குள்ள செலினியம். வெளிச்சம் பட்டா அதுவே கொஞ்சூண்டு மின்சாரம் உண்டாக்கி உள்ள ஒரு ஊசியத் தள்ளும், அந்த ஊசி எங்க நிக்குதோ அத வச்சுத்தான் கேமரா எவ்வளவு வெளிச்சம் உள்ள விடலாம்னு முடிவு பண்ணுது. பேட்டரியே கிடையாது. ஷட்டர் வேகம் ரெண்டே ரெண்டு, 1/200 வினாடி, 1/40 வினாடி. லென்ஸ் 40 மில்லிமீட்டர், ஓட்டை முழுசாத் தொறந்தா எஃப் 2.8 (எண் கூடக் கூட ஓட்டை சின்னதாகும்), ரொம்ப ஷார்ப். வெளிச்சம் பத்தலன்னா வியூஃபைண்டர்ல ஒரு குட்டி சிவப்புக் கொடி எட்டிப் பாக்கும், பட்டன் அமுங்காது. எனக்கு இந்த கேமராவுல ரொம்பப் புடிச்சதே அந்தக் கொடி தான், ஃபிலிம வீணாக்க விடாது.

முதல்ல வாங்குனதுல ஏமாந்துட்டேன். ஒரு கடையில எல்லாம் ஓடுதுன்னு சொல்லிக் குடுத்தாங்க, ஒரு ரோல் எடுத்து கழுவிப் பாத்தா முப்பத்தாறும் வெளுத்துப் போயிருக்கு. லென்ஸ் ஓட்டையச் சின்னதாக்குற இதழ் எண்ணெய்ப் பிசுக்குல ஒட்டிக்கிட்டு மூடவே இல்லயாம். மனசு ரொம்ப கஷ்டமாயிருச்சு. அதனால வாங்கப் போறவங்க தயவுசெஞ்சு இத செய்ங்க: லென்ஸ்ல இருக்கிற எஃப் வளையத்த ஆட்டோவுல, அதாவது கேமராவே வெளிச்சம் பாத்துக்கிற இடத்துல வச்சு, கையால லென்ஸப் பொத்தி அமுக்குங்க, கொடி வரணும், ஷட்டர் அடிக்கக் கூடாது, அப்புறம் வெயில் பக்கம் திருப்பி அமுக்குங்க, அடிக்கணும். அதே வளையத்த எஃப் 22ல வச்சு அமுக்கும்போது முன்னாலருந்து பாத்தா ஓட்டை சின்னதா ஆகணும். பின் கதவுல ஓரமா இருக்கிற பஞ்சு பிசுபிசுன்னு இருந்தா மாத்திருங்க, இல்லன்னா வெளிச்சம் உள்ள பூந்துரும்.

இப்ப இருக்கிறது ரெண்டாவது, தங்கமான கேமரா. ஞாயித்துக்கிழமை பசியாறிட்டு லிட்டில் இந்தியாவுல நடந்தா, ரோட்டுல வெயில் கொளுத்தும், கடை முன்னால அஞ்சடி நடைபாதையில ஒரே நிழல், நடுவுல ஒரு கோடு போட்ட மாதிரி. ஐஎஸ்ஓ 200 ஃபிலிம் (எண் கூடுனா கம்மி வெளிச்சமே போதும்) போட்டா நிழலுக்குள்ள கொடி வந்துகிட்டே இருக்கும், 400 போடுங்க, அதுக்கு மேல இந்த கேமராவுல வைக்கவும் முடியாது. லெபோ குவீன் மாரியம்மன் கோயில் பக்கம் பூ கட்டுற அக்கா ஒருத்தங்கள எடுத்தேன். தூரத்த நாமதான் கணக்குப் பண்ணி வைக்கணும், அதுக்குன்னு தனி வளையத்துல நாலு படம் இருக்கு, ஒரு தலை, ரெண்டு பேரு, மூணு பேரு, மலை. ரெண்டு பேருல வச்சா ஒன்றரை மீட்டர். "போன்ல எடுத்தா இப்பயே பாக்கலாம்லா தம்பி"ன்னாங்க. ரெண்டு வாரம் கழிச்சு பிரிண்ட் கொண்டு போய்க் குடுத்தேன், நிழல்ல 1/40க்குப் போயிருக்கு போல, மொகம் தெளிவா இருக்கு, மூக்குத்தி வரைக்கும் தெரியுது, விரலு மட்டும் நாருக்கும் மல்லிக்கும் நடுவுல புகையா ஓடுது. ரொம்ப நேரம் பாத்துட்டு, "கை ஓடுதே"ன்னு மட்டும் சொன்னாங்க.

தைப்பூசத்துக்கு மட்டும் இத நம்பிப் போவாதீங்க. ரதம் கிளம்புறப்போ விடிஞ்சிருக்காது, ஆட்டோவுல கொடி வந்து நின்னுக்கும். எஃப் வளையத்த 2.8க்குத் திருப்புனா கொடி தடுக்காது, 1/40ல அடிக்கும், ஆனா கை ஆடும், செவுத்துல சாஞ்சு எடுக்கணும். வெயில் ஏறுனப்புறம் தேங்கா உடைக்கிறத எடுத்தேன், தேங்கா ஓடும் தண்ணியும் அந்தரத்துல நிக்குது, அந்தப் படத்துக்காகவே வருஷா வருஷம் தூக்கிட்டுப் போவேன்.

செலவு கூடத்தான். ஃபிலிம், கழுவுறது, ஸ்கேன் எல்லாம் சேத்தா ஒரு படத்துக்கு ரெண்டு வெள்ளி (ரிங்கிட்) ஆயிருது எனக்கு. மாசம் ஒரு ரோலுக்கு மேல முடியல.

போன மாசம் வீட்டுல எல்லாரும் கூடியிருந்தப்ப அப்பா கையில குடுத்தேன். கொஞ்ச நேரம் சும்மா தூக்கி எடை பாத்தாரு. அப்புறம் வளையத்தப் பாக்காமலே மூணு பேரு படத்துக்குத் திருப்பிட்டு, "வாசல் பக்கம் வெளிச்சத்துல நில்லுங்க எல்லாரும்"ன்னாரு.