மலக்குடல் பாலிப்: குழாய் வழியா, அறுவை சிகிச்சையா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மலத்தோடு ரத்தம் போனால் "மூலம்தான்" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பால்மரம் வெட்டிய என் பெரியப்பாவும் அப்படித்தான் இரண்டு வருடம் நாட்டு மருந்தோடு ஓட்டினார், ஈப்போவுக்குப் போய் கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்த பிறகுதான் பாலிப், அதாவது குடலின் உள்சுவரில் வளரும் சதை, என்று தெரிந்தது. "வயித்தக் கிழிக்கணுமா தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார்.

பெரும்பாலும் வேண்டாம். அந்தக் கேமராக் குழாய் வழியே கம்பிச் சுருக்கு போட்டு அங்கேயே அறுத்து எடுத்துவிடுவார்கள், பொதுவாக அன்றைக்கே வீடு திரும்பலாம். 2 சென்டிமீட்டருக்கு மேல் தட்டையாகப் படர்ந்திருந்தாலும் அடியில் திரவம் ஏற்றி, தூக்கி எடுக்க முடியும். ஆனால் துண்டு துண்டாக எடுத்தால் மீண்டும் முளைக்கலாம், அதனால் சுமார் 6 மாதத்தில் மறுபடி பார்த்தே ஆகவேண்டும்.

சரி, அறுவை சிகிச்சை எப்போது? குழாய் வழியே முழுசாக எடுக்க முடியாதபோது, அல்லது எடுத்த பாலிப்பைச் சோதித்ததில் புற்றுநோய் ஆழமாக இறங்கியிருந்தால், ரத்தக் குழாயில் நுழைந்திருந்தால், வெட்டிய ஓரம்வரை இருந்தால். சிலருக்கு ஆசனவாய் வழியாகவே செய்துவிடலாம், வயிற்றில் கீறலே இருக்காது. மலக்குடலையே வெட்டுவது பெரிய வேலை: தற்காலிகமாக வயிற்றில் மலம் சேரும் பை, சிலருக்கு நிரந்தரமாக, அப்புறம் மலத்தை அடக்குவதில் சிரமம். ஆனாலும் பக்கத்து நிணநீர் முடிச்சுகளைச் சேர்த்து எடுக்க அதுதான் வழி, புற்றுநோய் பரவும் அபாயம் இருந்தால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

பெரியப்பாவுக்குக் குழாயே போதுமாக இருந்தது. 50 வயது தாண்டியவர்கள் அரசு கிளினிக்கில் மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.