முன்சாய் இறக்கை மாதிரி விமானப் பொதி: வெட்டு நேர்த்தி, கையேடு சறுக்கல்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவை அண்டிய இலத்திரனியல் கடை ஒன்றில் விற்கப்படும், ஒரு மீற்றர் இறக்கை நீளமுள்ள, பாகங்களை நாமே பொருத்திக் கட்டும் ரேடியோ கட்டுப்பாட்டு விமானப் பொதியைப் பற்றியது இம்மதிப்புரை. இறக்கைகள் வாலை நோக்கியல்லாமல் மூக்கை நோக்கிச் சாய்ந்திருப்பதே இதன் கவர்ச்சி. ரெஜிபோம் பாகங்கள் துல்லியமாக வெட்டப்பட்டு, இடைவெளியின்றிப் பொருந்துகின்றன. வடிவமைத்தவர் முன்சாய் இறக்கையை வரைந்திருக்கிறார்; கையேட்டை எழுதியவரோ சாதாரண நேர் இறக்கையை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார் என்பதுதான் சிக்கல்.

முதலில் புவியீர்ப்பு மையம். இறக்கையின் அகலம் உடலருகே 220 மில்லிமீற்றர், நுனியில் 140. நுனியின் முன் விளிம்பு, உடலருகேயுள்ள முன் விளிம்பைவிட 120 மில்லிமீற்றர் முன்னே நிற்கிறது. இவ்வளவுகளைக் கொண்டு சராசரி நாணை (நாண் என்பது முன் விளிம்பிலிருந்து பின் விளிம்புவரையான அகலம்) கணக்கிட்டால், இறக்கையின் ஏற்றம், அதாவது மேலே தூக்கும் விசை, மையங்கொள்ளும் காற்பங்குப் புள்ளி உடலருகேயுள்ள முன் விளிம்புக்கும் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் முன்னால் விழுகிறது. கையேடோ உடலருகேயுள்ள நாணின் காற்பங்கில், அதாவது முன் விளிம்பிலிருந்து 55 மில்லிமீற்றர் பின்னால், சமநிலைக் குறியை இடச் சொல்கிறது. அது சராசரி நாணில் 60 சதவீதத்தைத் தொடுகிறது. இந்த அளவுள்ள வாலால் அதைத் தாங்க முடியாது. விமானம் கையை விட்ட மறுகணமே மூக்கைத் தூக்கிக் கவிழும். உடலருகேயுள்ள முன் விளிம்புக்கு 10 மில்லிமீற்றர் பின்னால் மையத்தை அமைத்தால் நிதானமாகப் பறக்கிறது. அதற்குப் பற்றரியை மூக்குவரை தள்ள வேண்டியிருப்பதால், உள்ளே குறுக்காக நிற்கும் தடுப்பை வெட்டித்தான் ஆகவேண்டும்.

இரண்டாவது, இறக்கையின் முறுக்கு. முன்சாய் இறக்கை மேல்நோக்கி வளையும்போது நுனியின் தாக்குகோணம், அதாவது அது காற்றை எதிர்கொள்ளும் கோணம், கூடுகிறது. அதனால் ஏற்றம் கூடுகிறது. அது இறக்கையை இன்னும் வளைக்கிறது. குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் இறக்கை முறிவதில்தான் இது முடியும். 1984 டிசெம்பர் 14 அன்று முதன்முறை பறந்த, முன்சாய் இறக்கை கொண்ட அமெரிக்கச் சோதனை விமானமான கிரம்மன் எக்ஸ்-29இல், வளையும்போது நுனி மேல்நோக்கி முறுகாதவாறு காபன் இழைகளின் திசையையே தேர்ந்து அடுக்கியிருந்தார்கள். இப்பொதியில் கிடைப்பது ஒற்றைக் காபன் குழாய் மட்டுமே. அது வளைவைத் தடுக்கும், முறுக்கைத் தடுக்காது. உடற்பகுதியை மேசையில் அழுத்திப் பிடித்து, நுனியின் முன் விளிம்பை ஒரு விரலால் உயர்த்திப் பாருங்கள். பின் விளிம்பு அசையாமல் நிற்க, முன் விளிம்பு மட்டும் எளிதாக எழும்பும். மெல்லிய கண்ணாடி இழைத் துணியை, இழைகள் இறக்கையின் நீளத்துக்கு 45 பாகையில் அமையுமாறு இருபுறமும் ஒட்டினால் அந்த அசைவு பெருமளவு அடங்குகிறது. ஒட்டுவதற்கு எபொக்சியே வேண்டும். படகு திருத்துவோர் பாவிக்கும் பொலியெஸ்டர் பிசின் ரெஜிபோமைக் கரைத்துவிடும்.

முன்சாய்வு பக்கவாட்டு நிலைப்பையும் குறைப்பதால், இறக்கைகளை மேல்நோக்கி மூன்று நான்கு பாகை உயர்த்துவது நல்லது. பொதியிலுள்ள இணைப்பான் நேராக இருப்பதால், இதையும் நாமே செய்துகொள்ள வேண்டியுள்ளது. செங்குத்து வால் மட்டும் தாராளமான அளவில் இருக்கிறது. முன்சாய்வு மூக்கைப் பக்கவாட்டில் விலகச்செய்யும் என்பதை அங்கே யாரோ நினைவில் வைத்திருந்திருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்தபின் பறப்பு மிக இனியது. வேகம் குறையும்போது காற்றோட்டம் உடலருகே முதலில் பிரிவதால் நுனிகள் உயிரோடு இருக்கின்றன. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் எய்லரோன்கள் கடைசிவரை கையில் நிற்கின்றன. எனினும் உடலருகேயுள்ள அந்தப் பகுதி புவியீர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருப்பதால் அச்சமயம் மூக்கு உயரப் பார்க்கும். மூக்கை ஏற்றியிறக்கும் எலிவேட்டரின் பிடியை உடனே முன்னே தள்ள வேண்டும். கடைக்காரர், அசைவை உணர்ந்து தானாகத் திருத்தும் ஜைரோ பொருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். எக்ஸ்-29 வேண்டுமென்றே நிலைப்பற்றதாக வடிவமைக்கப்பட்டதால்தான் அதன் கணினிகள் செக்கனுக்கு 40 முறை திருத்தம் செய்தன. மையம் சரியாக உள்ள மாதிரிக்கு அந்தச் செலவு தேவையில்லை.

இரத்மலானை விமான நிலையம் அருகிலிருப்பதால் வெள்ளவத்தைக் கடற்கரையில் இதை ஏவ எண்ண வேண்டாம். நகருக்கு வெளியே, உரிமையாளரின் அனுமதியுடன் திறந்த வெளியைத் தேடுங்கள். ஏற்கெனவே ஓரிரண்டு விமானங்கள் கட்டியவர்களுக்கு இப்பொதியை வாங்கச் சொல்வேன், முதன்முறை கட்டுபவருக்குச் சொல்லமாட்டேன். மாற்று இறக்கை தனியாக விற்கப்படுவதில்லை என்பதால், வாங்கும்போதே பாகங்களைத் தாளில் வரைந்து வைத்துக்கொள்வது நல்லது.