ஆபிரகாமா, சீனாயா?

புதுச்சேரி ரயில் நிலையம் பக்கத்திலுள்ள தூய இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்கு ஞாயிறு பூசைக்கு வரும் பிள்ளைகளுக்கு மீட்பின் கதையை எங்கிருந்து தொடங்கலாம்? கடவுள் ஆபிரகாமோடு செய்த உடன்படிக்கையிலிருந்தா, சீனாய் மலையில் மோசே வழியாக இஸ்ரயேல் மக்களோடு செய்ததிலிருந்தா? என் ஓட்டு ஆபிரகாமுக்கு.

பைபிளின் முதல் நூலான தொடக்கநூலின் 15-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். இளம்பசு, வெள்ளாடு, செம்மறிக்கிடா மூன்றையும் இரண்டாகப் பிளந்து எதிரெதிரே வைக்கிறார். கொத்த வரும் பறவைகளை விரட்டுகிறார். இருட்டியதும் புகையும் தீச்சட்டியும் எரியும் பந்தமும் துண்டங்களுக்கு நடுவே கடந்து போகின்றன. வாக்கு மீறினால் எனக்கும் இந்தக் கதிதான் என்று ஒப்புக்கொள்ளும் சடங்கு அது. அந்தத் தீயின் வடிவில் நடுவே நடந்து போனது கடவுள் மட்டும். அப்போது ஆபிராம் என்ற பெயரில் இருந்த நம்மாளோ அயர்ந்த தூக்கத்தில்!

சீனாயில் அப்படியில்லை. பலியிட்ட காளைகளின் இரத்தத்தில் பாதி பலிபீடத்துக்கு, மீதி மக்கள்மேல். அவர்களும் கீழ்ப்படிவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். மோசே மலையிலிருந்து இறங்குவதற்குள் அவர்கள் வணங்கப் பொற்கன்று தயார், அது வேறு கதை.

ஆனால் இறுதி இராவுணவில் இயேசு கிண்ணத்தை எடுத்து 'உடன்படிக்கையின் இரத்தம்' என்றது சீனாயின் எதிரொலிதான். அதனால் முதன்முதலாக நற்கருணை வாங்கத் தயாராகும் புதுநன்மை வகுப்புக்கு மட்டும் சீனாயே சரி. திருப்பலியில் காதில் விழுவதோடு நேராகப் பொருந்தும். சிலுவை எதற்கு என்று கேட்கும் வயதுப் பிள்ளைகளென்றால், யோசிக்காமல் ஆபிரகாம்: வாக்கை மீறியது மனிதர், அந்தக் கதியைத் தன்மேல் ஏற்றது கடவுள் என்று சொல்லலாம்.