சீஸ் நொறுக்குகளுக்குச் சிலிக்கான் மேட்: எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது

மாலையில் நண்பர்கள் வரும்போது கொறிக்கக் கொடுப்பதற்கு, சீஸ் சேர்த்து ஓவனில் சுடும் சின்னஞ்சிறு பண்டங்களைப் போல எளிதானவை குறைவு. ஆனாலும் உருகிய சீஸ் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், சுரண்டினால் தூள்தூளாகும் என்ற தயக்கத்தாலேயே பலர் அதை முயன்று பார்ப்பதில்லை. அந்தத் தயக்கத்துக்கு மருந்தாக விற்கப்படும் சிலிக்கான் பேக்கிங் மேட்டை, சீஸ் பண்டங்களுக்கு அது எவ்வளவு பயன்படுகிறது என்ற ஒரே கோணத்தில் இங்கே மதிப்பிடுகிறேன்.

கண்ணாடியிழை வலையின் இருபுறமும் சிலிக்கான் பூசி, ஓவன் தட்டின் அளவுக்கு வெட்டப்பட்ட மெல்லிய விரிப்பு இது. இவ்வகை மேட்டுகள் பொதுவாக 230 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று குறிப்பிடப்படுகின்றன. சீஸ் பண்டங்களுக்கு 200 டிகிரியே போதும் என்பதால் அந்த வகையில் கவலை இல்லை.

இந்த மேட்டின் முழு அருமையும் மாவே சேர்க்காத சீஸ் வில்லைகளில்தான் தெரிகிறது. பார்மெசான் என்னும் கெட்டியான சீஸைத் துருவி ஒரு மேசைக்கரண்டி அளவில் குவித்து, அடித்தளம் லேசாகத் தெரியும்படி வட்டமாகப் பரப்பி, கொஞ்சம் மிளகுத்தூள் தூவி, 200 டிகிரியில் ஐந்து முதல் ஏழு நிமிடம் வைத்தால் போதும். முதலில் சீஸ் உருகிச் சலசலவென்று நுரைக்கும். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வெளியேற நுரை அடங்கி, ஓரம் வெளிர்பொன் நிறத்துக்கு வரும். அந்த நேரத்தில் எடுத்துவிட வேண்டும், பழுப்பேறினால் கசக்கும். வெளியே எடுத்து ஒரு நிமிடம் ஆறவிட்டால், பூவேலை போன்ற துளைகளோடு வில்லை தானாகவே விடுபட்டு வருகிறது. மேட்டில் ஒரு துணுக்குகூடத் தங்குவதில்லை. சூடு ஆறுவதற்குள் கவிழ்த்த கிண்ணத்தின் மேல் போட்டு வளைத்தால் சிறு கூடை கிடைக்கும். ஓரம் கிழியாமல் முழுதாக எடுக்க முடிவதால்தான் இது கைகூடுகிறது.

மாவு சேர்த்த பிஸ்கட்டுகளுக்கு வந்தால் கதை மாறிவிடுகிறது. மைதாவும் துருவிய செடார் சீஸும் நூறு நூறு கிராம், குளிர்ந்த வெண்ணெய் எழுபத்தைந்து கிராம் என்ற கணக்கில் பிசைந்து, அரை மணி நேரம் குளிரவைத்து, மெல்லியதாகத் தேய்த்து, 180 டிகிரியில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் சுடும்போது, மேற்புறம் அழகாகச் சிவந்தாலும் அடிப்புறம் வெளிறிப்போய்ச் சற்று மெத்தென்றே இருக்கிறது. மேட் தட்டின் சூட்டைத் தடுத்து மெதுவாகவே மேலே விடுவதும், அடியில் கசியும் ஈரம் வெளியேற வழியில்லாததும் இதற்குக் காரணம். கடைசி மூன்று நிமிடத்தில் திருப்பிப் போட்டால் ஓரளவு சரியாகும் என்றாலும், விருந்தினர் வந்துகொண்டிருக்கும் நேரத்தில் நாற்பது பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பச் சொல்வது நியாயமல்ல. இவற்றுக்குச் சாதாரண பேக்கிங் பேப்பரே மேல். சிறுசிறு துளைகளுள்ள வலை மேட்டும் கிடைக்கிறது. காற்றும் ஈரமும் போய்வர இடமிருப்பதால் பிஸ்கட்டுக்கு அதுவே பொருத்தம்.

மேட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சீஸ் சரியாக இல்லாவிட்டால் பயனில்லை. பாக்கெட்டில் துருவியே வரும் சீஸில் இழைகள் ஒட்டாமலிருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். அது சீராக உருகிப் படர்வதைக் கெடுக்கிறது. கட்டியாக வாங்கி, சுடுவதற்குச் சற்று முன் துருவுவதே நல்லது. ஈரம் மிகுந்த மொசரெல்லாவோ, எண்ணெய் பிரியாதபடி உப்புகள் சேர்த்த பிராசஸ்டு சீஸோ வில்லைக்கு ஒத்துவராது.

பராமரிப்பில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மேட்டின் மேல் கத்தியையோ பீட்சா உருளையையோ ஓட்டவே கூடாது. பூச்சு வெட்டுப்பட்டு உள்ளிழை வெளியே தெரிந்தால், உணவுக்கு அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும். அடுத்தது, சீஸின் கொழுப்பு மெல்லிய பிசுக்காகப் படிந்து, அதன் வாசனை எளிதில் போவதில்லை. சுடுநீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து சற்று ஊறவைத்துத் தேய்த்தால் பிசுக்கு போகும். வாசனை ஓரளவே குறையும். அதே மேட்டில் இனிப்புப் பிஸ்கட் சுட நினைப்பவர்களுக்கு இது பெரிய குறைதான்.

ஆகவே சீஸ் வில்லைகளை அடிக்கடி சுடுபவர்கள் தயங்காமல் வாங்கலாம். சீஸுக்கென்று ஒரு மேட்டைத் தனியே ஒதுக்கிவிடுவது நலம். பிஸ்கட் மட்டுமே சுடுபவர்களுக்கு இது தேவையில்லை. ஒரு சுருள் பேக்கிங் பேப்பர் போதும்.