450, 550, 650: கிராபிக்ஸ் கார்டு மாற்றும் முன் எஸ்எம்பிஎஸ் லேபிளில் எதைப் பார்ப்பது?

கேபினட்டோடு சேர்ந்து வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை), 550 வாட் பிரான்ஸ், 650 வாட் கோல்டு (இவை மின்சாரம் வீணாகாமைக்கான பட்டங்கள்). புது கிராபிக்ஸ் கார்டு வாங்கக் கிளம்புகிறவர் முன்னால் பெரும்பாலும் இந்த மூன்றுதான் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நூறு வாட் வித்தியாசம் என்கிறது பெட்டி. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்தால் கதை வேறு: முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவில் 300 வாட்டுக்கும் மேல் பள்ளம் இருக்கலாம்.

லேபிளில் தேட வேண்டியது ஒரே ஒரு கட்டம், +12 வோல்ட் என்ற பத்தியின் கீழ் இருக்கும் ஆம்பியர். இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட் மின்சாரம்தான். 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் யுஎஸ்பி, எஸ்எஸ்டி போன்ற சில்லறைச் செலவுக்கு. மலிவு எஸ்எம்பிஎஸ் ஒன்றில் +12 வோல்ட்டுக்கு 16 ஆம்ப், +5 வோல்ட்டுக்கு 25 ஆம்ப், +3.3 வோல்ட்டுக்கு 22 ஆம்ப் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 12 × 16 = 192 வாட். கார்டுக்கும் பிராசஸருக்கும் சேர்த்து அவ்வளவுதான். மற்ற இரண்டையும் கூட்டினால்கூட 390 வாட் பக்கம்தான் வரும்; பெட்டியில் இருக்கும் 450 எங்கிருந்து வந்தது என்று அதைச் செய்தவரைத்தான் கேட்க வேண்டும்.

| | மலிவு 450 | 550 பிரான்ஸ் | 650 கோல்டு, ஏடிஎக்ஸ் 3.1 தரம் |
|---|---|---|---|
| +12 வோல்ட், மாதிரி லேபிள் | 16 ஆம்ப் | 44 ஆம்ப் | 54 ஆம்ப் |
| 12 வோல்ட்டில் உண்மையான வாட் | 192 | 528 | 648 |
| கார்டுக்கான இணைப்பு | ஒரு 6 பின், அல்லது அதுவும் இல்லை | இரண்டு 6+2 பின் (சேர்த்தால் 8 பின்), பல மாடல்களில் ஒரே கேபிளில் | தனித்தனிக் கேபிள்கள், 16 பின் |

இப்போது தேவையைப் பார்ப்போம். ஐ5-12400எஃப் பிராசஸர், இரண்டு ரேம், ஒரு எஸ்எஸ்டி, மூன்று ஃபேன் உள்ள கணினி. பிராசஸரின் பெயருக்குப் பக்கத்தில் 65 வாட் என்று இருந்தாலும், டர்போவில், அதாவது உச்ச வேகத்தில், அது 117 வாட் வரை போகும் என்று இன்டெலே சொல்கிறது. கணக்கில் அதைத்தான் எடுக்க வேண்டும். மதர்போர்டு முதலான மற்றவற்றுக்கு 50 வாட் தாராளம். ஆர்டிஎக்ஸ் 4060 போட்டால் கார்டுக்கு 115 வாட், மொத்தம் 282. 12 வோல்ட்டில் சுமார் 23.5 ஆம்ப். ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி போட்டால் கார்டுக்கு மட்டும் 263 வாட், மொத்தம் 430; சுமார் 36 ஆம்ப்.

16 ஆம்ப் எஸ்எம்பிஎஸ் முதல் கார்டிலேயே தோற்றுவிட்டது. ஆனால் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: கார்டைச் செருகியதும் விண்டோஸ் திறக்கும், யூடியூப் ஓடும், எல்லாம் சரியாகவே தெரியும். சும்மா இருக்கும் கணினி சில பத்து வாட்தான் இழுக்கும். கேம் தொடங்கிக் கார்டும் பிராசஸரும் சேர்ந்து முழு வேகத்துக்குப் போகும்போதுதான் குட்டு வெளிப்படும். நல்ல எஸ்எம்பிஎஸ் என்றால் பாதுகாப்புச் சுற்று இயங்கி அணைந்துவிடும். மலிவானதில் அந்தச் சுற்றே இல்லாமல் போகலாம். அப்போது 12 வோல்ட் 11.4-க்குக் கீழே சரியும், உள்ளே பாகங்கள் சூடேறும், போகும்போது மதர்போர்டையும் துணைக்கு அழைத்துப் போகும். இந்த வகைக்குச் சிபாரிசு செய்ய ஒன்றுமில்லை.

550-க்கும் 650-க்கும் உள்ள போட்டிதான் உண்மையான போட்டி. ஆர்டிஎக்ஸ் 4060 மட்டும்தான் இலக்கு என்றால் 550 தாராளம். என்விடியா அந்தக் கார்டுக்குக் கேட்பதும் 550 வாட்தான். 650-க்குக் கூடுதல் பணம் கொடுப்பது அடுத்த கார்டை மனதில் வைத்து. 7800 எக்ஸ்டி என்று வந்தால் ஏஎம்டி 700 வாட் கேட்கிறது. நம் கூட்டல் 430-ஐத் தாண்டவில்லையே என்று தோன்றும். கார்டு நிறுவனம் உங்கள் கணினியைப் பார்த்து அந்த எண்ணைச் சொல்வதில்லை. 250 வாட் தின்னும் பிராசஸரையும், சுமாரான எஸ்எம்பிஎஸ்ஸையும், திடீர் ஏற்றங்களையும் மனதில் வைத்துச் சொல்கிறது. முதல் இரண்டும் உங்களிடம் இல்லையென்றால் 650 கோல்டு போதும். மூன்றாவதிலிருந்து யாருக்கும் விலக்கில்லை.

263 வாட் என்பது சராசரி. மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்தில் கார்டு அதைப் போல இரண்டு மடங்கு வரை இழுத்துவிட்டு மறுபடி இறங்கும். 2020-இல் ஆர்டிஎக்ஸ் 3080, 3090 வந்தபோது, வாட் கணக்குப்படி போதுமானதாக இருந்த நல்ல எஸ்எம்பிஎஸ்களே கேம் நடுவில் அணைந்ததற்கு இந்தத் துள்ளல்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. 2022-இல் வந்த, எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் 3.0 தரம் இதற்காகவே எழுதப்பட்டது: 100 மைக்ரோ விநாடிக்கு, தன் வாட் மதிப்பின் 200 சதவீதத்தை எஸ்எம்பிஎஸ் தாங்க வேண்டும். 3.1 அதன் திருத்தம். ஆகவே, பழைய தரத்தில் வந்த 750 வாட்டும் ஏடிஎக்ஸ் 3.1-இல் வந்த 650 வாட்டும் ஒரே விலையில் கிடைத்தால், 250 வாட் பக்கம் இழுக்கும் கார்டுக்கு எங்கள் கை 650-க்குத்தான் போகும்.

550-இன் இன்னொரு பலவீனம் கேபிள். 7800 எக்ஸ்டிக்கு இரண்டு 8 பின் வேண்டும். தரப்படி ஒரு 8 பின் 150 வாட், 6 பின் 75 வாட், மதர்போர்டு ஸ்லாட் 75 வாட். பல 550 மாடல்களில் ஒரே கேபிளின் நுனியில் இரண்டு தலைகள் இருக்கும். ஸ்லாட் வழியாக 50 வாட் போனதுபோக மீதி 213 வாட், அதாவது 18 ஆம்ப் அளவு, மூன்றே 12 வோல்ட் கம்பிகளில் ஓடும். ஒரு கம்பிக்கு 6 ஆம்ப். தடித்த கம்பி தாங்கிவிடும். மெல்லிய கம்பியும் தளர்ந்த பின்னும் சேர்ந்தால் பிளாஸ்டிக் பழுப்பேறும். இரண்டு தனிக் கேபிள் என்றால் கம்பிக்கு 3 ஆம்ப்தான்.

8 பின் இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பவரை (ஹார்டு டிஸ்க்குக்கான மின் இணைப்பு) 8 பின்னாக மாற்றும் அடாப்டரை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 ஆம்ப், மொத்தம் 54 வாட். அதைக் கொண்டு 150 வாட் இழுத்தால் எரிவது கண்கூடு. பிராசஸருக்கான 8 பின் பார்க்க அதே போல இருந்தாலும் அது 4+4 ஆகப் பிரியும், பாசிட்டிவும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும், கார்டுக்கானது 6+2. கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸில் பழைய கேபிளை அப்படியே விட்டு எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றுவதும் ஆபத்து. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொதுத் தரம் கிடையாது. செருகினால் பொருந்தும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க் சாகும்.

பிரான்ஸ், கோல்டு பட்டங்களைப் பலர் வலிமைக்கான சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். அவை வீணாகும் மின்சாரத்தின் அளவை மட்டும் சொல்கின்றன. 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில் பிரான்ஸ் 85 சதவீதம், கோல்டு 90. கணினி 300 வாட் இழுத்தால் சுவரிலிருந்து ஒன்று 353 எடுக்கும், மற்றது 333. தினம் நான்கு மணி நேரம் விளையாடினால் ஆண்டுக்கு 29 யூனிட் மிச்சம். நம் 230 வோல்ட்டில் இரண்டுமே கொஞ்சம் மேலே போகும், வித்தியாசம் பெரிதாக மாறாது. அதற்காக மட்டும் கோல்டு வாங்கினால் போட்ட பணம் திரும்ப வெகுகாலம் ஆகும். கோல்டு வாங்கச் சரியான காரணம் வேறு: 5 வோல்ட்டை 12 வோல்ட்டிலிருந்து தனியாக உண்டாக்கும் டிசி-டிசி அமைப்பு அந்த வகுப்பில் வழக்கமாக இருக்கும். மலிவுப் பிரான்ஸில் இரண்டும் சேர்த்தே கட்டுப்படுத்தப்படுவதால், 12 வோல்ட்டில் மட்டும் சுமை ஏறும்போது அது தாழ்ந்து 5 வோல்ட் உயரும். கார்டு மாற்றுகிறவருக்கு நேரப்போவது சரியாக அந்தச் சூழ்நிலைதான். இன்னொன்று: பட்டத்துக்கான சோதனை 23 டிகிரி அறையில் நடக்கிறது. முழு வாட்டையும் எத்தனை டிகிரியில் தரும் என்று விவரத்தாளில் பாருங்கள். 40 என்பதைவிட 50 என்று எழுதியிருப்பது சென்னையின் மே மாதத்துக்கு உதவும்.

எஸ்எம்பிஎஸ்ஸையே தொடாமல் இருப்பதும் ஒரு வழி. பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் வாங்கியவர்களில் பலருக்கு வேறு வழியும் இல்லை. மதர்போர்டுக்குப் போகும் இணைப்பு 24 பின்னாக இல்லாமல் அந்தக் கம்பெனிக்கே உரியதாக இருக்கும். அங்கே ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுதான்: 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, அல்லது 53 வாட் ஆர்எக்ஸ் 6400. பின்னது ஸ்லாட்டின் தரவுப் பாதைகளில் (லேன்) நான்கை மட்டுமே பயன்படுத்துவதால், பழைய பிசிஐஇ 3.0 ஸ்லாட் உள்ள மதர்போர்டில் வேகம் குறையும். பழைய கணினிக்கு 3050 மேல். 3050-ஐ 8 ஜிபி மாடலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அதற்குத் தனி இணைப்பு வேண்டும்.

யுபிஎஸ் இருந்தால் அதன் லேபிளையும் திருப்பிப் பாருங்கள். 600 விஏ என்று விற்கும் யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். 7800 எக்ஸ்டி கணினி கேமில் இருக்கும்போது கரண்ட் போனால் அந்த நொடியே அணையும். அதை எஸ்எம்பிஎஸ் கோளாறு என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிப் போகிறவர்கள் உண்டு.

கரண்ட் இருக்கும்போதே அணைந்தால் எளிய சோதனை ஒன்று. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி அதே கேமை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அணைவது நின்றுவிட்டால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மீதும் கேபிள் மீதும். தொடர்ந்து அணைந்தால் பிராசஸர் சூட்டையும் ரேமையும் பாருங்கள். படம் மட்டும் உறைந்து சத்தம் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் டிரைவரை மாற்றிப் பாருங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் (ஈவென்ட் வியூவர்) வரும் கெர்னல்-பவர் 41 என்ற வரியைப் பார்த்து எஸ்எம்பிஎஸ்ஸைக் குற்றம் சொல்ல முடியாது. கணினி முறைப்படி அணையவில்லை என்பதற்கு மேல் அதில் செய்தி கிடையாது.