‘கலிஃபோர்னியாவுக்கு ஏற்றது’ என்ற விளம்பரத்தை நம்பி ரைஃபிள் வாங்க இருப்பவர்களுக்கு

வெளிமாநிலக் கடை ஒன்று ‘கலிஃபோர்னியாவில் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம்’ என்று இணையத்தில் விளம்பரம் செய்து, நான் கேட்டபோது மின்னஞ்சலிலும் அதையே உறுதிசெய்து விற்ற அரைத் தானியங்கி ரைஃபிள் (விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு தோட்டா சுடுவது), சக்ரமெண்டோவுக்கு வந்து சேர்ந்தபோது இம்மாநிலச் சட்டம் ‘தாக்குதல் ஆயுதம்’ என்று விலக்கிவைத்திருக்கும் வகையைச் சேர்ந்ததாக இருந்தது. வெளிமாநிலத் துப்பாக்கியைப் பெற்றுக் கைமாற்றித் தர வேண்டிய உள்ளூர் விற்பனையாளர் அதை என்னிடம் ஒப்படைக்க மறுத்துவிட்டார். அவர் மறுக்காமல் இருந்திருந்தால், பணம் போனதைப் பற்றி எழுதுவதற்குப் பதிலாக நான் இப்போது வழக்கறிஞரைத் தேடிக்கொண்டிருந்திருப்பேன். கலிஃபோர்னியாவில் அத்தகைய ஆயுதத்தை உடைமையில் வைத்திருப்பதற்கே சிறைத் தண்டனை உண்டு. அதை மாநிலத்துக்குள் கொண்டுவருவதற்கும் விற்பதற்கும் நான்கு, ஆறு அல்லது எட்டு ஆண்டுகள் வரை சிறை உண்டு.

இங்குள்ள சட்டத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் ஏமாற்று எங்கே இருந்தது என்பது விளங்கும். 1989 ஜனவரியில் ஸ்டாக்டன் நகரத் தொடக்கப் பள்ளியில் ஐந்து குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அதே ஆண்டில் ராபர்ட்டி–ரூஸ் சட்டம் வந்தது. அது சில துப்பாக்கிகளைத் தயாரிப்பாளர் பெயரும் மாடல் பெயரும் சொல்லித் தடை செய்தது. பெயரை மாற்றி அதே துப்பாக்கியை விற்கத் தொடங்கியதால், 2000 ஜனவரி 1 முதல் உறுப்புகளை வைத்து அடையாளம் காணும் முறை சேர்க்கப்பட்டது. தண்டனைச் சட்டத்தின் 30515ஆம் பிரிவின்படி, சென்டர்ஃபயர் (அடிப்பகுதியின் நடுவில் தட்டினால் வெடிக்கும்) தோட்டாவைச் சுடும் அரைத் தானியங்கி ரைஃபிளில் மேகசின் (தோட்டாக்களை அடைக்கும் பெட்டி) கழற்றக்கூடியதாக இருந்து, பிஸ்டல் கிரிப் (கைத்துப்பாக்கியில் போலக் கீழே நீளும் பிடி), கட்டைவிரல் துளையுள்ள ஸ்டாக் (தோளில் அணைக்கும் கட்டை), மடக்கவோ நீட்டிக் குறைக்கவோ கூடிய ஸ்டாக், முன்கைப் பிஸ்டல் கிரிப், ஃபிளாஷ் சப்ரஸர் (சுடும்போது குழல்வாயில் தெரியும் சுடரொளியைக் குறைக்கும் கருவி), கையெறி குண்டு அல்லது சமிக்ஞைச் சுடர் ஏவும் கருவி ஆகியவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் அது தாக்குதல் ஆயுதம்தான். மேகசின் நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தால் இந்த உறுப்புகள் இருக்கலாம். ஆனால் அது பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. எப்படியிருந்தாலும் மொத்த நீளம் 30 அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

‘ஒன்றே ஒன்று’ என்பதுதான் முக்கியம். நியூ ஜெர்சியில் கழற்றக்கூடிய மேகசின் உள்ள ரைஃபிளுக்கு இரண்டு உறுப்புகள் சேர்ந்தால்தான் சிக்கல் தொடங்கும். அதாவது பட்டியலிலுள்ளவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் அங்கே பொதுவாகத் தடையில்லை. அதனால் நியூ ஜெர்சிக்கென்று விற்கப்படும் ஏஆர் வகை (ஏஆர்-15 பாணியில் அமைந்த) ரைஃபிள்களில் சாதாரண பிஸ்டல் கிரிப் அப்படியே இருக்கும். ஸ்டாக் நகராதபடி ஆணி அடிக்கப்பட்டிருக்கும். குழல்வாய்க் கருவி கழற்ற முடியாதபடி பற்றவைக்கப்பட்டிருக்கும். பத்துத் தோட்டா மேகசின் இருக்கும். அங்கே செல்லும் அதே துப்பாக்கி, அந்தப் பிஸ்டல் கிரிப் ஒன்றினாலேயே கலிஃபோர்னியாவில் குற்றப் பொருளாகிவிடும். எனக்கு அனுப்பப்பட்டதும் அப்படிப்பட்ட ஒன்றுதான். விளம்பரத்தில் கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி என்று மூன்று மாநிலங்களின் பெயரும் ஒரே வரியில் இருந்தன. மூன்றின் சட்டமும் ஒன்றல்ல என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

நான் பணம் கட்டுவதற்கு முன்பே, உறுப்புகள் எதுவும் இல்லாத அமைப்பில், கழற்றக்கூடிய மேகசினோடு, இலக்குச் சுடுதளத்தில் பயன்படுத்த வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தேன். ‘இந்த மாடல் உங்கள் மாநிலத்துக்கென்றே அமைக்கப்பட்டது’ என்று பதில் வந்தது. விளம்பரப் படத்தில் கட்டைவிரல் பின்பக்கமாகச் சுற்றிப் பிடிக்க முடியாதபடி தடுக்கும் துடுப்புக் கிரிப் இருந்தது. பெட்டியில் வந்ததில் இல்லை. படம் ‘மாதிரிக்கு மட்டும்’ என்று பக்கத்தின் அடியில் எழுதியிருப்பதாகக் கடைக்காரர் பிறகு சொன்னார்.

கிரிப் மட்டும்தான் சிக்கல் என்றால் ஒரு திருகைக் கழற்றி வேறு கிரிப்பை மாட்டிவிடலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். உள்ளூர் விற்பனையாளர், வயதில் மூத்தவர், நிதானமாகக் குழல்வாயைக் காட்டினார். அதில் ‘பிரேக்’ என்ற பெயரில் பொருத்தப்பட்டிருந்த கருவியின் தயாரிப்பாளர், பின்னுதைப்பைக் குறைப்பதோடு சுடரொளியையும் குறைக்கும் என்று தம் விற்பனைப் பக்கத்தில் பெருமையாக எழுதியிருந்தார். மாநில நீதித் துறையின் விதிமுறையில், இரண்டு வேலையும் செய்யும் கலப்புக் கருவிக்குச் சுடரொளியைக் குறைக்கும் தன்மை இருப்பதாக விளம்பரம் செய்யப்பட்டிருந்தாலே போதும், அது ஃபிளாஷ் சப்ரஸர் என்றே கொள்ளப்படும். சுட்டுப் பார்த்து நிரூபிக்க வேண்டிய தேவைகூட இல்லை.

அதைக் கழற்றவும் வழியில்லை. குழலின் உண்மையான நீளம் பதினான்கரை அங்குலம்தான். கருவியை ஊசி குத்திப் பற்றவைத்து, இரண்டையும் சேர்த்துப் பதினாறு அங்குலத்துக்கு மேல் காட்டியிருந்தார்கள். பற்றவைப்பை அறுத்து எடுத்தால் பதினாறு அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரைஃபிளாகிவிடும். அதற்கு 1934ஆம் ஆண்டின் தேசிய துப்பாக்கிச் சட்டப்படி முன்கூட்டியே கூட்டாட்சிப் பதிவு வேண்டும். கலிஃபோர்னியாவிலோ சாதாரண மனிதர் அதை வைத்துக்கொள்ளவே முடியாது. ஒரு குற்றத்திலிருந்து தப்ப இன்னொரு குற்றத்துக்குள் நுழைய வேண்டிய அமைப்பு அது. முழுக் குழலையும் மாற்றுவது ஒன்றுதான் வழி. அதற்கான செலவு துப்பாக்கி விலையின் கணிசமான பங்கு.

இதையெல்லாம் எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கடைக்காரரின் பதில் வேறு திசையில் போனது. மேகசினை நிலையாக்கும் ஒரு சிறு பாகத்தை இலவசமாக அனுப்புவதாகவும், அதை மாட்டினால் உறுப்புகள் எல்லாம் இருக்கலாம் என்றும் எழுதினார். சட்டத்தின் ஒரு பாதி அவருக்குத் தெரிந்திருந்தது என்பது இதிலிருந்து புரிந்தது. நிலை மேகசின் உள்ள ஏஆர் வகை ரைஃபிளில் மேகசினைக் கழற்றி நிரப்ப ஒவ்வொரு முறையும் மேல்பாகத்தையும் கீழ்ப்பாகத்தையும் பிரிக்க வேண்டும். தோட்டா சிக்கி போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளும் பாகம்) பாதியில் நின்றுவிட்டால் பிரிப்பதே பெரும்பாடு. நான் கேட்டது அந்த அமைப்பையல்ல. ஆனாலும் பாகம் வரட்டும் என்று பொறுத்தேன்.

வந்தது ‘புல்லட் பட்டன்’. தோட்டா முனையாலோ ஏதேனும் சிறு கருவியாலோ குத்தினால் மேகசின் கழன்றுவிடும் அந்தப் பூட்டு ஒருகாலத்தில் இங்கே ஏற்கப்பட்டது உண்மைதான். 2016இல் நிறைவேறிய திருத்தம், துப்பாக்கியின் இயங்கு பகுதியைப் பிரிக்காமல் கழற்ற முடியாததே நிலை மேகசின் என்று வரையறுத்தது. 2017 ஜனவரி 1 முதல் புல்லட் பட்டன் அந்த வரையறைக்கு வெளியே போய்விட்டது. முன்பே வைத்திருந்தவர்கள் பதிவுசெய்துகொள்ளத் தந்த அவகாசமும் 2018 நடுவிலேயே முடிந்துவிட்டது. யாரும் வாங்காமல் அலமாரியில் கிடந்த சரக்கை எனக்குத் தீர்வு என்று அனுப்பியிருக்கிறார்கள். அறியாமல் செய்தது என்ற விளக்கத்தை அதுவரை ஏற்கத் தயாராக இருந்தேன். அந்தச் சிறு பொட்டலத்தைப் பிரித்த பிறகு என்னால் முடியவில்லை.

திருப்பி அனுப்புவதற்கு நிபந்தனைகள் வைத்தார்கள். விலையில் 20 விழுக்காடு சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கட்டணமாகப் பிடிக்கப்படும், இருவழி அனுப்புச் செலவும் என்னுடையது, உள்ளூர் விதிகளுக்குப் பொருந்துமா என்று பார்ப்பது வாங்குபவரின் பொறுப்பு என்றார்கள். பெரிய எழுத்தில் ‘கலிஃபோர்னியாவுக்கு ஏற்றது’ என்று போட்டுவிட்டு, சின்ன எழுத்தில் பொறுப்பை வாங்குபவர் தலையில் கட்டுவது என்ன நியாயம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. கடன் அட்டை நிறுவனத்திடம், விவரித்தபடி பொருள் வரவில்லை என்று எழுத்தில் முறையிட்டேன். கூட்டாட்சிச் சட்டப்படி, அந்தத் தொகை இடம்பெற்ற முதல் கணக்கறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் இப்படி எழுத வேண்டும். கடைக்காரர்கள் பதிலைத் தாமதிப்பதும் பாகம் அனுப்புகிறேன் என்று இழுப்பதும் அந்தக் கெடுவைக் கடத்துவதற்காகக்கூட இருக்கலாம். விளம்பரத்தின் படப்பிரதி, மின்னஞ்சல், விற்பனையாளர் எழுதித் தந்த மறுப்புக் குறிப்பு, குழல்வாய்க் கருவியின் தயாரிப்பாளர் பக்கம் ஆகியவற்றை இணைத்தேன். விலை திரும்பி வந்தது. அனுப்புச் செலவும் உள்ளூர் விற்பனையாளரின் கட்டணமும் வரவில்லை.

வாங்க இருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன், ‘ஏற்றதா’ என்ற ஒற்றைக் கேள்விக்குப் பதில் வாங்கித் திருப்தி அடையாமல், கிரிப்பின் மாடல் பெயர், ஸ்டாக் நகருமா நகராதா, குழல்வாய்க் கருவியை யார் தயாரித்தது, அது இல்லாமல் குழலின் நீளம் எவ்வளவு, மேகசின் எத்தனை தோட்டா கொள்ளும் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுத்தில் வாங்கி, அதை உங்கள் உள்ளூர் விற்பனையாளரிடம் முதலில் காட்டுங்கள். துப்பாக்கி எப்படியும் அவர் வழியாகத்தான் வர வேண்டும். அவர் மறுத்தால் வேறு வழியில்லை. கீழ்ப்பாகத்தில் பொறித்திருக்கும் பெயரையும் கேளுங்கள்: 1989 சட்டத்தின் பெயர்ப் பட்டியலில் உள்ள கோல்ட் ஏஆர்-15 போன்றவை உறுப்புகளை எல்லாம் நீக்கினாலும் தடைக்கு உட்பட்டவைதான். சீனத்து எஸ்கேஎஸ் என்ற அரைத் தானியங்கி ரைஃபிளை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்துத் தோட்டா நிலை மேகசினோடு வருவது வேறு, கழற்றும் மேகசின் மாட்டியது வேறு. பின்னது பட்டியலில் பெயரோடு இருக்கிறது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் கேள்விகளுக்கு முன்னாலேயே ஒரு தடை உண்டு: செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாவிட்டால் கூட்டாட்சிச் சட்டப்படி அவர்கள் துப்பாக்கியே வாங்க முடியாது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை.

2024 ஜூலை முதல் கலிஃபோர்னிய விற்பனையாளர்கள் மீது 11 விழுக்காடு தனி வரி வந்த பிறகு வெளிமாநில விலை மலிவாகத் தெரிகிறது என்பது மறுக்க முடியாதது. ஆனாலும் இறுதியில் நான் உள்ளூர்க் கடையிலேயே, துப்பாக்கிப் பாதுகாப்புச் சான்றிதழைக் காட்டி, வழக்கமான பத்து நாள் காத்திருப்புக்குப் பிறகு, ரூகர் மினி-14 ரான்ச் ரைஃபிளை எடுத்துக்கொண்டேன். பழைய பாணி மரக்கட்டை, பிஸ்டல் கிரிப் இல்லை, குழல்வாயில் எதுவும் இல்லை. மாற்ற வேண்டியதும் எதுவும் இல்லை. அதே மினி-14இல் டாக்டிகல் என்ற வகை ஃபிளாஷ் சப்ரஸரோடு வருகிறது என்பதால் மாடல் பெயரை முழுதாகப் படித்து வாங்குங்கள்.

அந்தக் கடை, கடன் அட்டை நிறுவனத்தின் முடிவை எதிர்த்து முறையிட்டிருப்பதால் அதன் பெயரை இப்போது இங்கே எழுதவில்லை. மூன்று மாநிலங்களை ஒரே வரியில் சேர்த்த அந்த விளம்பரம், அதே படத்தோடு, இன்று காலை வரை அப்படியே இருக்கிறது. அதே விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் தனிச் செய்தியில் தெரிவியுங்கள். அட்டை நிறுவனத்துக்கு நான் அனுப்பிய கடிதத்தின் நகலைத் தருகிறேன்.