சைபரா, ஓவா? துப்பாக்கி பெர்மிட்டுக்குக் காசு கட்டிய கதை

அடுத்த ஜூனில் நண்பன் ஒருவன் தென்னாப்பிரிக்கா போகிறான். லிம்போபோ பக்கம் பத்து நாள் வேட்டை. இடம் பேசியாகிவிட்டது, முன்பணமும் போயாச்சு. போன வாரம் போன் பண்ணி, “மச்சி, அந்த பெர்மிட் சர்வீஸுக்குக் காசு கட்டணுமா, இல்ல நாமளே பார்த்துக்கலாமா?” என்று கேட்டான். வேட்டைத் துப்பாக்கியை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகத் தேவையான தற்காலிக அனுமதியை நமக்காக முன்கூட்டியே வாங்கி, விமான நிலையத்திலும் ஆள் நிறுத்தி உதவும் நிறுவனங்களைத்தான் சொல்கிறான். போனில் சொன்னால் திட்ட ஆரம்பித்துவிடுவேன், எழுதித் தருகிறேன் என்றேன். எழுதினாலும் திட்டுவேன் போலத்தான் இருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து மூன்று முறை போயிருக்கிறேன். முதல் தடவை எல்லாம் நானே. அடுத்த இரண்டு தடவையும் ஒரே நிறுவனம், துப்பாக்கி ஒன்றுக்கு 160 டாலர் வாங்கினார்கள். பெட்டி, பூட்டு, 5 கிலோ தோட்டா வரம்பு எல்லாம் தெரிந்த விஷயம், அதற்குள் போகவில்லை. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: தென்னாப்பிரிக்கக் காவல்துறை அந்தத் தற்காலிக அனுமதிக்குக் கட்டணமே வாங்குவதில்லை. 160 டாலரும் நடுவில் நிற்கிறவருக்குத்தான்.

நடுவில் ஆள் எதற்கு என்று நினைத்துத்தான் முதல் தடவை தனியாகப் போனேன். அந்த அனுமதிக்கு அங்கே 520 என்று ஒரு படிவம். கறுப்பு மையில்தான் நிரப்ப வேண்டும், கையெழுத்தை அதிகாரி கண் முன்னால்தான் போட வேண்டும். நான் வீட்டிலேயே நீலப் பேனாவில் அழகாக நிரப்பி, கையெழுத்தும் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். பதினைந்து மணி நேர விமானத்திலிருந்து இறங்கி, ஜோஹன்னஸ்பர்க்கில் துப்பாக்கிப் பெட்டியையே மேசையாக்கி, தரையில் குந்தி உட்கார்ந்து, மொத்தத்தையும் திரும்ப எழுதினேன். வரிசையில் நின்ற ஒருவர்தான் பேனா கொடுத்தார். எழுதி முடிப்பதற்குள் பின்னால் வந்த பத்துப் பேர் முன்னால் போய்விட்டார்கள். பிடிக்க வேண்டிய உள்நாட்டு விமானமும் போய்விட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது. படிவத்தைப் படிக்காதது நான்.

அந்த எரிச்சலில்தான் அடுத்த தடவை காசு கட்டினேன். இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் விமானம் நான்கு மணி நேரம் தாமதம். பெட்டி வருகிற இடத்தில் என் பெயர் எழுதிய அட்டையோடு ஓர் அம்மா அப்போதும் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், காலில் கேன்வாஸ் ஷூ. கை குலுக்கிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “நம்பர் எந்தப் பக்கம் இருக்கிறது?” புரியாமல் விழித்தேன். ரைஃபிளின் சீரியல் நம்பர் பொறித்த பக்கம் மேலே தெரிகிற மாதிரி பெட்டியில் படுக்கவைத்திருந்தால், அதிகாரி எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு மூடச் சொல்லிவிடுவாராம். இல்லையென்றால் வெளியே எடு, திருப்பு, குறிபார்க்கும் ஸ்கோப் இடிக்காமல் பார், டார்ச் அடி. என்னுடையது கீழ்ப்பக்கம் பார்த்துக் கிடந்தது. “அடுத்த தடவை” என்றார், சிரிக்கவில்லை.

நிறுவனம் முன்கூட்டியே அனுமதி வாங்கி வைத்திருந்ததால் இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. அப்புறம் பெட்டியோடு உள்நாட்டு முனையம் வரை கூடவே நடந்து வந்து, துப்பாக்கியை அங்கே எந்தக் கவுண்ட்டரில் திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்று காட்டிவிட்டுத்தான் போனார். தூக்கக் கலக்கத்தில் அந்த நடை ஒன்றே 160 டாலர் பெறும்.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருவோம்.

விமான நிலையத்தில் நிற்கும் அந்த அம்மா வேறு, மின்னஞ்சலில் பேசும் அலுவலகம் வேறு. ஒரே நிறுவனம் என்று சொன்னால் நம்ப முடியாது. பாஸ்போர்ட் நகல், டிக்கெட், வேட்டை ஏற்பாட்டாளரின் அழைப்புக் கடிதம், எதற்காக இந்தத் துப்பாக்கி என்று நாம் எழுதும் கடிதம், கொண்டுபோகும் துப்பாக்கியைப் பதிந்து அமெரிக்கச் சுங்கம் முத்திரை போட்டுத் தரும் 4457 படிவம். ஐந்தே ஐந்து காகிதம். ஒவ்வொன்றையும் மூன்று தடவை கேட்டார்கள். போட்டோவாக அனுப்பினால் பி.டி.எஃப். வேண்டும், பி.டி.எஃப்.ஆக அனுப்பினால் ஒரே கோப்பாக வேண்டும், ஒரே கோப்பாக்கினால் அளவு பெரிது.

4457-இல் மேல் மூலையில் ஒரு காலாவதித் தேதி இருக்கும். அது அச்சடித்த படிவத்துக்கான தேதி. நம் பதிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எழுத்து தெளிவாக இருக்கும்வரை பதிவு செல்லும். இதை விளக்கி ஒரு பக்கம் எழுதினேன். “புதியது அனுப்பவும்” என்று ஒரு வரி பதில். ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு திரும்பச் சுங்க அலுவலகம் போனேன். பத்து நிமிடத்தில் முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தேதியைப் பார்த்துத் தென்னாப்பிரிக்காவில் அதிகாரிகள் தயங்கியதாக வேட்டைக்குப் போகிறவர்கள் சொல்வதைப் பிறகுதான் கேட்டேன். ஆக, நிறுவனம் கேட்டது சரிதான். அந்தக் காரணத்தைச் சேர்த்து இன்னொரு வரி எழுதியிருந்தால் கை தேய்ந்தா போயிருக்கும்?

மூன்றாவது பயணத்தில்தான் உச்சம். என் ரைஃபிளின் சீரியல் நம்பரில் நடுவே ஒரு சைபர் இருக்கிறது, அதை ஒட்டியே ஆங்கில ஓ எழுத்து. அவர்கள் தட்டச்சு செய்த வரைவில் இரண்டுமே ஓ. திருத்தச் சொன்னேன். நன்றி, குறித்துக்கொண்டோம் என்று பதில் வந்தது. அடுத்த வரைவில் இரண்டுமே சைபர். திரும்ப எழுதினேன். திரும்ப நன்றி. போய் இறங்கினால், தயாராக இருந்த அனுமதியில் முதலில் பார்த்த அதே இரண்டு ஓ.

அந்த அம்மாதான் அன்றும் வந்திருந்தார். வரிசைக்குப் போகும் வழியிலேயே என் 4457-ஐயும் அவர்கள் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, நான் வாய் திறக்கும் முன்பே நின்றுவிட்டார். பையிலிருந்து வெற்றுப் படிவம், கறுப்புப் பேனா. நின்றபடியே தூணில் வைத்து எழுதித் தந்தார், கையெழுத்து இடத்தை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு. திருத்திய அனுமதி கைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு தடவைகூட நிறுவனத்தைக் குறை சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டில் மட்டும் வாங்கித் தந்தார்.

இன்னொன்று, விமான நிலையத்தில் இவர்கள் உதவியெல்லாம் போய் இறங்கிய பிறகுதான். கிளம்பும் இடத்தில் நாம்தான். ஒருமுறை செக்-இன் கவுண்ட்டரில் இருந்த பையன், தோட்டா ரைஃபிள் பெட்டிக்குள் இருக்கலாமா, தனிப் பெட்டியா என்று நாற்பது நிமிடம் யார் யாருக்கோ போன் போட்டான். பல வெளிநாட்டு விமானங்களில் பூட்டிய தனிப் பெட்டி கேட்பார்கள் என்பதால் நான் முன்பே பிரித்துத்தான் வைத்திருந்தேன். பிரித்து வைத்ததே அவனுக்குச் சந்தேகம். நிறுவனம் அனுப்பிய வழிகாட்டித் தாளை நீட்டினேன். வாங்கி, அதன் மேல் காபியை வைத்தான்.

கனடாவுக்கு மான் வேட்டைக்குப் போனபோது யாருக்கும் காசு கட்டவில்லை. 5589 என்று ஒரு படிவம், எல்லையில் அப்போது 25 கனடிய டாலர் வாங்கினார்கள், 60 நாளுக்குச் செல்லும். அங்கேயும் கையெழுத்து அதிகாரி முன்னால்தான். நீலப் பேனாப் பாடம் அதற்குள் ஏறியிருந்தது.

ஆகவே மச்சி, நீ கட்டாதே. உனக்கு ஒரே ரைஃபிள், நேரடி விமானம், முதல் ராத்திரி ஜோஹன்னஸ்பர்க்கிலேயே தங்கல். ஓடிப்பிடிக்க அடுத்த விமானம் கிடையாது. கறுப்புப் பேனா இரண்டு எடுத்துக்கொள், நம்பர் இருக்கிற பக்கத்தை மேலே வை, கையெழுத்து இடத்தைத் தொடாதே. 160 டாலருக்கு நல்ல பூட்டாக வாங்கு.

நானா? அடுத்த பயணத்துக்குப் போன மாதமே கட்டிவிட்டேன். அதே நிறுவனம்தான். அந்த அம்மா இன்னும் அங்கே வேலை பார்க்கிறாரா என்று கேட்டு எழுதியிருந்தேன், அதற்குப் பதில் இல்லை. இன்று காலை ஒரு மின்னஞ்சல்: 4457 தெளிவாக இல்லை, மீண்டும் அனுப்பவும். அனுப்பிவிட்டேன், சீரியல் நம்பரைத் தனித் தாளில் கட்டம் கட்டி எழுதி, சைபர் எது, ஓ எது என்று அம்புக்குறி போட்டு.